பழைய கூடத்தின் சீரமைப்பும் மதிய உணவு உரைகளும்: உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அண்ணா சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி நிற்கும் நம் கிளப்பின் பழைய கூடத்தைச் சுற்றிச் சாரம் கட்டிய நாள் முதல், உறுப்பினர்கள் இரண்டு விஷயங்களையே மாறி மாறிக் கேட்டு வருகிறார்கள். வேலை எப்போது முடியும் என்பது ஒன்று. தொழில்துறையினருக்கான மதிய உணவு உரைகள் இந்த ஆண்டு நடக்குமா என்பது மற்றொன்று. கட்டடக் குழுவும் நிகழ்ச்சிக் குழுவும் தந்த விவரங்களைக் கொண்டு, நிர்வாகக் குழுவின் சார்பில் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

கூடத்துக்கு என்ன ஆயிற்று? எதற்காக இந்த வேலை?

கூரை ஒழுகியதில்தான் எல்லாம் தொடங்கியது. கூடத்தின் கூரை, இந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படும் மெட்ராஸ் டெரஸ் முறையில் போடப்பட்டது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்களை வைத்து, அவற்றின் மேல் குறுக்குக் கட்டைகளை வரிசையாக அடுக்கி, அதன் மேல் மெல்லிய செங்கற்களை மூலைவாட்டில் நெட்டுக்குத்தாகச் சுண்ணாம்புக் காரையில் பதிப்பார்கள். பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைக் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு எனப்படும் தட்டையான ஓடுகளைப் பரப்புவார்கள். மழைநீர் வடிய வாட்டமும், அதை வெளியேற்றத் தூம்பும் ஒழுங்காக இருக்கும்வரை இத்தகைய கூரை நூறு ஆண்டுகளுக்கு மேல் தாங்கும்.

நம் கூடத்தில், முன்பு ஒரு காலத்தில் ஒழுகலை நிறுத்துவதற்காகத் தட்டோட்டின் மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். அந்தப் பூச்சு வெயிலில் வெடித்து, வெடிப்பு வழியாக உள்ளே இறங்கிய நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் தங்கிவிட்டது. வடக்குச் சுவரில் புதைந்திருந்த கட்டைகளின் முனைகள் அந்த ஈரத்தில் ஊறி உளுத்திருந்தன. பரிசோதனைக்கு வந்த தச்சர் சிறு சுத்தியலால் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தேக்கு கணீரென்று ஒலித்தது. சுவரோரத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டது. அங்கே திருப்புளியை வைத்து அழுத்தியதும் அது விரல் நீளத்துக்கு உள்ளே இறங்கியது. அன்றே கூடத்தை மூடுவது என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தது.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாமே?

பொதுக்குழுவில் அதிக நேரம் விவாதிக்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர்கள் கிளப்பின் நலனை மனத்தில் வைத்துத்தான் கேட்டார்கள். புதிய கான்கிரீட் கட்டடம் சீக்கிரம் எழும், கார் நிறுத்த அடித்தளம் கிடைக்கும், மாடியில் வாடகைக்கு விடக்கூடிய இடமும் கிடைக்கும். இந்த மூன்றையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், பழைய கூடத்தைக் காப்பாற்றுவதே சரி என்று பெரும்பான்மை உறுப்பினர்கள் கருதினார்கள். என்னுடைய கருத்தும் அதுவே.

முதற்காரணம், கட்டடம் கெட்டுப்போகவில்லை என்பது. கெட்டுப்போனவை சில கட்டைகளின் முனைகளும் ஒரு சுவரின் மேல்பகுதியும் மட்டுமே. இரண்டாவது காரணம் இந்த நகரம் இழந்தவற்றின் நீண்ட வரிசை. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்த பிறகு அது திரும்ப வரவில்லை. அண்ணா சாலையில் 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது, பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு வழக்குத் தொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் அளித்த தீர்ப்புதான், பாரம்பரியக் கட்டடங்களை விருப்பம்போல் இடிக்க முடியாது என்ற நிலையை இங்கே உறுதிப்படுத்தியது. மாறாக, 2012 ஜனவரியில் தீக்கிரையான சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரையையும் பழைய கட்டுமான முறையையும் கொண்டே மீட்டெடுத்தது. கூரை முழுவதும் எரிந்துபோன கட்டடத்தையே அப்படி மீட்க முடிந்தது என்றால், சில கட்டைகள் உளுத்த நம் கூடத்தை இடிப்பதற்கு நியாயம் இல்லை.

அப்படியானால் ஏன் இவ்வளவு காலம் பிடிக்கிறது?

சுண்ணாம்பு அவசரத்துக்கு இணங்காது என்பதே நேரான பதில். சிமெண்ட் நீருடன் வினைபுரிந்து சில நாட்களிலேயே இறுகிவிடும். சுண்ணாம்புக் காரையோ காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டுதான் கல்லாக மாறுகிறது. ஆகவே ஒரு படலம் பூசி, அது இறுகும்வரை ஈரம் காயாமல் பார்த்துக்கொண்ட பிறகே அடுத்த படலத்தைத் தொட வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீரில் ஊறப்போட்டு வாரக்கணக்கில் பதப்படுத்துவதும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைக் கலவையில் சேர்ப்பதும் பூச்சுக்கு முந்திய வேலைகள். பின்முற்றத்தில் வரிசையாக நிற்கும் தொட்டிகளையும், அங்கிருந்து வரும் புளித்த வாடையையும் பற்றிச் சில உறுப்பினர்கள் புகார் எழுதியிருந்தார்கள். அது சாக்கடை வாடை இல்லை, கடுக்காய் நீர் புளிக்கும் வாடை. பூச்சு வேலை முடிந்ததும் போய்விடும்.

வடகிழக்குப் பருவமழையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்த கூரையின் மேல் வேலை செய்ய முடியாது. எனவே கூரை வேலையை மழைக்கு முன்பே முடித்து மூடிவிட்டு, மழைக்காலத்தில் கதவு, சன்னல், மின்கம்பி வேலைகளைப் பார்த்து, தை பிறந்த பிறகு உட்பூச்சைத் தொடுவதாகத் திட்டம். அக்கினி நட்சத்திர வெயிலில் பூசினால் பூச்சு சுருங்கி வெடிக்கும் என்பதால், அதற்குள் உட்பூச்சை முடித்துவிட வேண்டும் என்று கொத்தனார்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு என்பதையும் உறுப்பினர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். கூடுதல் ஆட்களை வைத்து வேகப்படுத்துங்கள் என்பது நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஆட்கள் கிடைக்க வேண்டுமே.

கூரை தவிர வேறு என்னென்ன மாறுகின்றன?

முகப்புப் படிக்கட்டை ஒட்டி ஒரு சாய்தளம் வருகிறது. தரையிலிருந்து கூடத்தின் உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற பாதுகாப்பான சரிவில் அமைத்தால் சாய்தளம் மட்டுமே 7.2 மீட்டர் நீளம் வேண்டும். தோட்டத்தின் ஒரு பாத்தி அதற்காகப் போகிறது என்ற வருத்தம் சிலருக்கு உண்டு. ஆனால் மூத்த உறுப்பினர்கள் பலர் பேரனின் தோளையோ ஓட்டுநரின் கையையோ பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறுவதை நாம் எல்லோரும் பார்த்துத்தான் வருகிறோம். இந்த வசதியை முன்பே செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கழிப்பறையும் கட்டப்படுகிறது.

மின் இணைப்புப் பலகையும் ஜெனரேட்டரும் தாழ்வான பின்கட்டிலிருந்து உயரமான மேடைக்கு மாறுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் மழையும் கற்றுத்தந்த பாடத்துக்குப் பிறகு இதற்கு விளக்கம் தேவைப்படாது. மாடியிலிருந்து இறங்கும் மழைநீர், தூர்வாரிய பழைய கிணற்றுக்குப் போகும். தாழ்வாரத்தின் வளைவுகளை அடைத்திருந்த கண்ணாடித் தடுப்புகள் எடுக்கப்படுகின்றன. காற்று பழையபடி குறுக்கே ஓடும்.

செலவு எவ்வளவு? அதற்காகச் சந்தா உயருமா?

மாதச் சந்தா உயராது. பொதுக்குழு ஒப்புதல் அளித்த கட்டட நிதியிலிருந்துதான் செலவு செய்யப்படுகிறது; பில்வாரியான கணக்கை உறுப்பினர்கள் அலுவலகத்தில் பார்க்கலாம். ஒரு விவரத்தை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ஒப்பந்ததாரரின் பில்லில் வரும் ஜிஎஸ்டியை ஏன் திரும்ப எடுக்கவில்லை என்று கணக்குத் தெரிந்த உறுப்பினர்கள் கேட்டிருந்தார்கள். கட்டடத்தின் மதிப்பில் சேர்க்கப்படும் கட்டுமான, சீரமைப்புச் செலவுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு கூறுகிறது. ஆகவே அந்த வரியும் நமக்குச் செலவுதான். மதிப்பீட்டில் அது முதலிலேயே சேர்க்கப்பட்டுள்ளது.

வேலை நடக்கும்போது எந்தப் பகுதிகள் திறந்திருக்கும்?

நூலகம், சீட்டாட்ட அறை, டென்னிஸ் தளம், தோட்டத்துச் சிற்றுண்டிப் பகுதி ஆகியவை வழக்கம்போல் இயங்கும். கூடத்தை ஒட்டிய பார் மூடப்பட்டிருக்கும். அதைத் தோட்டத்துக்கு மாற்றக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு: கிளப்புகள் மது பரிமாறுவதற்கான எஃப்.எல்.2 உரிமம் அனுமதி பெற்ற இடத்துக்கே பொருந்தும் என்பதால் நம் விருப்பப்படி மாற்ற இயலாது.

மதிய உணவு உரைகள் நடக்குமா? எங்கே?

நடக்கும். கூடம் மூடியிருக்கிறது என்பதற்காக இவற்றை நிறுத்தக் கூடாது என்பதில் இரு குழுக்களும் ஒரே கருத்தில் இருந்தன. கிண்டியில் பட்டறை நடத்துபவரும் பாரிமுனையில் இறக்குமதி செய்பவரும் மயிலாப்பூரில் தணிக்கை அலுவலகம் வைத்திருப்பவரும் வேறெங்கும் ஒரே மேசையில் உட்கார்வதில்லை. பணம் வராமல் தவிக்கும் சிறு தொழிலதிபருக்கு, பக்கத்து நாற்காலியில் இருக்கும் வழக்கறிஞர் சாம்பார் சாதம் முடிவதற்குள் வழி சொன்னதை இந்த உரைகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஓர் ஆண்டு இடைவெளி விட்டால் அந்தப் பழக்கம் அறுந்துபோகும். மறுபடி தொடங்குவது கூரை போடுவதைவிடக் கடினம்.

எனவே உரைகள் நூலகத்தை அடுத்த மேற்குத் தாழ்வாரத்தில் நடக்கும். கூடத்தில் உட்கார முடிந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் அங்கே இடம் உண்டு என்பதால் முன்பதிவு கட்டாயம். மாதம் ஒரு வியாழக்கிழமை, நண்பகல் 12.30 மணிக்கு உணவு பரிமாறத் தொடங்குவார்கள். 1 மணிக்கு உரை தொடங்கும். கேள்விகளுடன் சேர்த்து 2 மணிக்கு முடியும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குச் சுத்தியலும் அறுவை இயந்திரமும் ஓயும் வகையில், தொழிலாளர்களின் சாப்பாட்டு நேரமும் அதனுடன் பொருத்தப்பட்டிருக்கிறது.

இந்த முறை எந்தத் தலைப்புகள்?

நான்கு தலைப்புகள் முடிவாகியுள்ளன. பேச்சாளர்களின் பெயர்கள், அவர்களின் ஒப்புதல் எழுத்தில் கிடைத்த பிறகு அறிவிப்புப் பலகையில் வரும்.

முதல் உரை, சிறு நிறுவனங்களுக்கு வர வேண்டிய பணம் பற்றியது. குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ வாங்கியவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும் இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் அந்தத் தொகையை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியும் என்ற விதி 2023 நிதிச் சட்டத்தின் வழியாக வந்தது. 2025 ஏப்ரல் முதல், 100 கோடி ரூபாய் வரை விற்பனையும் 25 கோடி ரூபாய் வரை முதலீடும் உள்ள நிறுவனம் சிறு நிறுவனமாகவே கருதப்படுகிறது. அதனால் இந்த விதியின் பாதுகாப்பு யாருக்கு, சுமை யாருக்கு என்பது மாறியிருக்கிறது. நம் உறுப்பினர்களில் பாதிப் பேர் பணம் வாங்க வேண்டியவர்கள், மீதிப் பேர் கொடுக்க வேண்டியவர்கள். இரு தரப்பும் ஒரே அறையில் இருப்பதால் இந்த உரைதான் நான்கிலும் சூடானதாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

இரண்டாவது, துறைமுகங்களுக்கும் சாலைகளுக்கும் உள்ள உறவு. நிலக்கரி, இரும்புத் தாது போன்ற தூசி பறக்கும் சரக்குகளைச் சென்னைத் துறைமுகம் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2011இல் கைவிட்டது. 2001இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், இன்றைய காமராஜர் துறைமுகம், நிலக்கரியின் பெரும்பகுதியை ஏற்றது. சென்னையில் கண்டெய்னர்களும் கார்களும் முக்கியமாயின; ஆனால் நகருக்கு நடுவே லாரிகள் போக வழி வேண்டும். 2012இல் நின்றுபோய், இரட்டை அடுக்காக மாற்றப்பட்டு மீண்டும் தொடங்கிய துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலை யாருடைய தொழிலை எப்படி மாற்றும் என்பதை இந்த உரை ஆராயும்.

மூன்றாவது, மின்னணு ஆலைகளும் தொழிலாளர் தங்குமிடமும். ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் ஆலைகள் பெருகியபோது அங்கே வேலைக்கு வந்த இளம்பெண்கள் எங்கே தங்குவது என்பது தொழிலின் அடிப்படைக் கேள்வியாகவே ஆகிவிட்டது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை, தொழிற்பூங்காக்களை அமைக்கும் மாநில அரசு நிறுவனமான சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது அதற்குக் கிடைத்த ஒரு பதில். சிறு ஆலைகளுக்கு அப்படிப்பட்ட வசதி எட்டுமா என்பதைப் பேசப்போகிறோம்.

நான்காவது உரை சுண்ணாம்புத் தொழில் பற்றியது. நம் கூடத்தின் தலைமைக் கொத்தனாரே பேசுகிறார். சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது, விலை எப்படி நிற்கிறது, வேலை கற்றுக்கொள்ள இளைஞர்கள் ஏன் தயங்குகிறார்கள், ஒரு நாள் கூலி எவ்வளவு இருந்தால் தங்குவார்கள் என்றெல்லாம் அவர் சொல்வார். உரைக்குப் பிறகு, வழவழப்பான செட்டிநாட்டுப் பூச்சின் கடைசிப் படலத்தை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த கலவையைப் பூசிக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிக் காட்டவும் இசைந்திருக்கிறார். பெரிய நிறுவனத் தலைவர்கள் பேசும் வரிசையில் கொத்தனாருக்கும் இடமா என்று ஒருவர் கேட்டார். சொந்தக் கையால் ஒரு தொழிலை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவரைவிடத் தொழிலைப் பற்றிப் பேசத் தகுதியானவர் யார்?

மாலையில் வைத்தால் அதிகம் பேர் வருவார்களே?

சென்னையில் மாலை ஆறு மணிக்கு அண்ணா சாலையைக் கடந்து ஓர் இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேர்வது எளிதில்லை. மதியம் வந்தவர்கள் 2 மணிக்குக் கிளம்பி அலுவலகம் திரும்பிவிடலாம். மார்கழியில் உரை இல்லை. அந்த மாதத்தில் நம் உறுப்பினர்களில் பலரைச் சபா வாசல்களில்தான் பார்க்க முடியும்.

சாப்பாடு எப்படி இருக்கும்?

சமையலறை கூடத்தின் பின்னால் இருப்பதால், தற்காலிக அடுக்களையில் சமைத்துப் பரிமாறக்கூடிய எளிய பட்டியலே இருக்கும். மிளகுத்தண்ணி சூப், சாம்பார் சாதம், ஒரு கூட்டு, ஒரு பொரியல், அப்பளம், தயிர் சாதம், இறுதியில் கேரமல் கஸ்டர்ட். அசைவத்தில் ஒரு வகை மட்டும் உண்டு. புரட்டாசியில் அதுவும் இராது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சிறுதானிய உணவு வேண்டுமானால் முன்பதிவின்போதே தெரிவிக்க வேண்டும்.

கட்டணம் எவ்வளவு? விருந்தினரை அழைத்து வரலாமா?

உணவுக்கான தொகை மட்டுமே. உரைக்குத் தனிக் கட்டணம் கிடையாது. உறுப்பினர் ஒருவர் ஒரு விருந்தினரை அழைத்து வரலாம், இருவருக்குமான தொகை உறுப்பினரின் கணக்கில் சேரும். உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே சாப்பிடுவதற்கு எதற்கு ஜிஎஸ்டி என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கிளப்பும் உறுப்பினர்களும் வேறு வேறல்லர் என்ற பரஸ்பரத் தத்துவத்தை, கல்கத்தா கிளப் வழக்கில் 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மை. ஆனால் அது பழைய விற்பனை வரி, சேவை வரி தொடர்பானது. 2021 நிதிச் சட்டம், கிளப் தன் உறுப்பினருக்கு அளிப்பதும் வரிக்கு உட்பட்டதே என்று 2017 ஜூலை 1 முதல் முன்தேதியிட்டுத் திருத்தியது. அந்தத் திருத்தம் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்திருக்கிறது. எனினும் நம் தணிக்கையாளரின் ஆலோசனைப்படி தொடர்ந்து வரி வசூலித்துச் செலுத்தி வருகிறோம்.

வேட்டி கட்டி வரலாமா?

தாராளமாக வரலாம். 2014 ஜூலையில், சேப்பாக்கத்தில் ஒரு கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டமன்றம், வேட்டியையோ பிற இந்திய மரபு உடையையோ காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. மீறினால் உரிமம் ரத்தாகலாம். ஓராண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். சட்டம் இருக்கட்டும், நம் வாசலில் யாரையும் உடையைப் பார்த்துத் தயங்க வைப்பது நமக்குப் பெருமை இல்லை என்பதே நிர்வாகக் குழுவின் நிலை. வேலை நடக்கும் காலத்தில் காலுக்கு மட்டும் கவனம் வேண்டும்: தரையில் ஆணி கிடக்கலாம் என்பதால் கெட்டியான அடியுள்ள செருப்போ ஷூவோ அணிந்து வாருங்கள்.

காரை எங்கே நிறுத்துவது?

முன்வாசலில் மணலும் செங்கல்லும் இறக்கப்படுவதால் கார் நிறுத்த இடம் மிகக் குறைவு. அதை மூத்த உறுப்பினர்களுக்கும் நடக்கச் சிரமப்படுவோருக்கும் ஒதுக்கியிருக்கிறோம். மற்றவர்கள் விமான நிலையம் – விம்கோ நகர் மெட்ரோ வழித்தடத்தில் ஆயிரம் விளக்கு நிலையத்தில் இறங்கி நடந்து வந்துவிடலாம்.

உரைகளைப் பதிவு செய்யலாமா? நம் நிறுவனத்தின் பொருளை அறிமுகப்படுத்தலாமா?

இரண்டுக்கும் அனுமதி இல்லை. பதிவு இல்லாததால்தான் பேச்சாளர்கள் மனம் திறந்து பேசுகிறார்கள்.

கூடத்தில் இருந்த மேசைகளும் படங்களும் என்னவாயின?

எல்லாம் எண்ணிடப்பட்டு நூலக மாடியில் பத்திரமாக உள்ளன. பிரம்பு நாற்காலிகள் மறுபின்னலுக்குப் போயிருக்கின்றன. கூடத்தின் பழைய புகைப்படங்கள், குறிப்பாகத் தாழ்வார வளைவுகளைக் கண்ணாடியால் அடைப்பதற்கு முன் எடுத்தவை, எந்த உறுப்பினரின் வீட்டிலாவது இருந்தால் கட்டடக் குழு அவற்றைப் பார்க்க விரும்புகிறது. சன்னல் கதவுகளின் பழைய வடிவத்தைச் சரிபார்க்க அவை உதவும். நகல் எடுத்த அன்றே மூலப் படத்தைத் திருப்பித் தந்துவிடுவோம். அலுவலகத்தில் காலை 10 மணி முதல் மாலை 5 மணி வரை கொண்டுவந்து கொடுக்கலாம்.